சமர்கந்தில் மூன்று நாள்: எங்கே, எப்போது சாப்பிடுவது? (சைவம் சாப்பிடும் அம்மாவுடன்)

வைகைக்கரை · செப்டம்பர் 6

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு உஸ்பெகிஸ்தான் போகிறேன். தாஷ்கண்டில் இறங்கி, அஃப்ரோசியாப் என்ற அதிவேக ரயிலில் சமர்கந்து. அங்கே மூன்று நாள், பிறகு புகாராவில் இரண்டு நாள்.

அம்மா பள்ளியில் வரலாறு நடத்தியவர். தைமூர், உலுக் பெக், பாபர் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பெயர்கள். ரெகிஸ்தான் சதுக்கத்தில் ஒரு மாலை நிற்க வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிக்கல் சாப்பாட்டில்தான். அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. நான் எல்லாம் சாப்பிடுவேன். படிக்கிற இடத்திலெல்லாம் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, ஆட்டின் வால் கொழுப்பு என்றே இருக்கிறது. அவர் ஐந்து நாளும் பழமும் ரொட்டியும் தின்றுவிட்டுத் திரும்புவதை நான் விரும்பவில்லை. எனக்கும் அந்த ஊர்ப் புலாவைச் சரியான இடத்தில் சாப்பிட ஆசை இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பயணப்பை · செப்டம்பர் 6

இடத்தைப் பிறகு சொல்கிறேன், நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சமர்கந்தில் சாப்பாடு கடிகாரத்தோடு கட்டப்பட்டது. நம் ஊரில் பிரியாணி இரவு பத்து மணிக்கும் கிடைக்கும். அங்கே புலாவ் மதியத்துக்கு உரியது. ‘ஓஷ்’ என்பார்கள், ‘பலோவ்’ என்றும் சொல்வார்கள். காலையிலேயே பெரிய இரும்புக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். அதற்குக் ‘கஸான்’ என்று பெயர். பதினொன்றரைக்கு மேல் பரிமாறத் தொடங்குவார்கள். கொப்பரை காலியானால் அன்றைய ஓஷ் முடிந்தது. ஒன்றரை மணிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த கொப்பரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மாலையில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் புலாவ் தருகிற உணவகங்கள் உண்டு. அது பெரும்பாலும் மதியத்துச் சோற்றைச் சூடுபடுத்தியதுதான். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

சமர்கந்து ஓஷ் தனி வகை. தாஷ்கண்டில் சோறு, காரட், இறைச்சி எல்லாவற்றையும் கலந்து தட்டில் வைப்பார்கள். சமர்கந்தில் கலப்பதே இல்லை. அடியில் இறைச்சியும் வெங்காயமும், அதன்மேல் விரல் விரலாக நறுக்கிய மஞ்சள் காரட், எல்லாவற்றுக்கும் மேல் அரிசி. வேகும்வரை கரண்டி உள்ளே போகாது. எடுத்து வைக்கும்போது வரிசை தலைகீழாகிவிடும்: தட்டின் அடியில் சோறு, அதன்மேல் காரட், உச்சியில் துண்டு போட்ட இறைச்சி. எண்ணெயிலும் வேறுபாடு உண்டு. ஆளிவிதை எண்ணெயை நன்றாகப் புகைய விட்டுத் தாளிப்பது சமர்கந்துக்காரர்களின் வழக்கம். ‘ஸிகிர்’ எண்ணெய் என்று கேட்டால் பெருமையோடு காட்டுவார்கள். அந்த வாசனை முதல் கவளத்தில் புதிதாக இருக்கும், மூன்றாவது கவளத்தில் பழகிவிடும். பூண்டை முழுத் தலையாகவே உள்ளே புதைத்திருப்பார்கள். அதைச் சோற்றின்மேல் பிதுக்கிக்கொள்ளுங்கள், வெண்ணெய் மாதிரி இறங்கும்.

நீங்கள் போவது அக்டோபர் என்பதால் சீமைமாதுளை (ஆங்கிலத்தில் quince, நம் மாதுளை அல்ல) போட்ட ஓஷ் கிடைக்கலாம். ‘பெஹி’ என்று கேளுங்கள். புளிப்பும் இனிப்புமாக இறைச்சியின் கொழுப்பைச் சமன்செய்துவிடும்.

இனி இடம். ‘ஓஷ் மார்க்கசி’ என்று பலகை போட்ட கூடங்கள் நகரத்தில் பல உண்டு. மேசை விரிப்பு அழகாக இல்லாத, டாக்சி ஓட்டுநர்கள் வரிசையில் நிற்கும் கூடமாகப் பார்த்து நுழையுங்கள். நான் போன 2024-இல் ஒரு தட்டு 40,000 சோம் ஆனது. அப்போது ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 150 சோம். முழுத் தட்டு வயிற்றை அடைத்துவிடும், அரைத் தட்டும் கேட்கலாம். 2016-இல் இந்த ஓஷ் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கலியாணம், பிள்ளைப்பேறு, இழவு எதுவானாலும் கஸான் ஏறும் ஊர் அது.

பினாங்குவாசி · செப்டம்பர் 6

மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள்வரை விசா வேண்டியதில்லை என்பதால் இரண்டு முறை போய் வந்துவிட்டேன். ஒரே ஒரு எச்சரிக்கை: பில்.

ரெகிஸ்தானுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உணவகம், பெயர் வேண்டாம். உட்கார்ந்ததுமே ஒரு தட்டு நிறையச் சிறு கிண்ணங்களில் சாலட்டுகளைக் கொண்டுவந்தார்கள். உபசாரம் என்று நினைத்து நான்கை எடுத்து வைத்துக்கொண்டோம். ரொட்டி வந்தது, தேநீர் வந்தது, மேடையில் பாட்டும் வந்தது. கடைசியில் நான்கு கிண்ணங்களுக்கும் ரொட்டிக்கும் தேநீருக்கும் தனித்தனி விலை, மொத்தத்தின்மேல் சேவைக் கட்டணம் வேறு. பாட்டுச் சத்தத்தில் மனைவியோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அன்று இரவு முழுவதும் ஏமாந்துவிட்டோம் என்ற வருத்தம் போகவில்லை.

பயணப்பை · செப்டம்பர் 6

பினாங்கு அண்ணாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. கிண்ணங்களைத் தட்டில் கொண்டுவந்து காட்டுவது அங்கே பட்டியலைக் காட்டுவதற்குச் சமம். வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடலாம். ரொட்டிக்கும் தேநீருக்கும் விலை போடுவது உள்ளூர்க்காரர்களுக்கும் பொருந்தும். சேவைக் கட்டணம் பல இடங்களில் 10 முதல் 15 சதவீதம். உட்காரும்போதே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பாட்டைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. பெரிய கூடங்களில் இரவு ஏழு மணிக்குமேல் ஆடலும் பாடலும்தான். அம்மாவோடு போகிறவர் சிறிய இடமாகப் பார்ப்பது நல்லது.

ஸெரஃப்ஷான்_மாணவி · செப்டம்பர் 7

வணக்கம் அண்ணா. நான் சமர்கந்தில் மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் தருமபுரி. நானும் சைவம்தான், அதனால் அம்மாவின் நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் சொற்கள். இங்கே உஸ்பெக்கும் தாஜிக்கும் இரண்டும் பேசுவார்கள். பழைய நகரத்தில் வீட்டுமொழி பெரும்பாலும் தாஜிக். உஸ்பெக்கில் ‘கோஷ்த்ஸிஸ்’ என்றால் இறைச்சி இல்லாமல். தாஜிக்கில் ‘பே கூஷ்த்’. ரஷ்ய மொழியில் ‘பெஸ் மியாசா’. மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது மட்டும் போதாது. இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் இறைச்சி இல்லை என்பது பலருடைய எண்ணம். பூசணிச் சம்சாவுக்குள் வால் கொழுப்பைப் பொடியாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். பூசணி ‘மந்தி’யிலும் (ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி) அப்படித்தான். லக்மான் நூடுல்ஸில் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், சாறு இறைச்சிச் சாறுதான். ஆகவே ‘தும்பா யோக்மி?’ என்று கேளுங்கள். வால் கொழுப்பு இல்லையா என்று பொருள். முதல் வருடம் இந்த ஒரு கேள்வி தெரியாமல் நான் பட்ட சங்கடம் அம்மாவுக்கு வர வேண்டாம்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: தக்காளியும் வெங்காயமும் தாள்போல் சீவிய ‘அச்சிச்சுக்’; பொரித்த கத்தரிக்காய்ச் சாலட்; ‘கத்திக்’ என்கிற கெட்டித் தயிர்; அதைத் துணியில் வடிகட்டிய ‘சுஸ்மா’; உருளைக்கிழங்குச் சம்சா (இதிலும் கேட்டுவிடுங்கள்); கம்பியில் சுட்ட காய்கறியும் காளானும். இறைச்சி சுட்ட அதே அடுப்பில்தான் சுடுவார்கள். அதை ஏற்பதா என்பது அம்மாவின் முடிவு. சந்தையில் காரமான காரட் சாலட் கிலோக்கணக்கில் கிடைக்கும். அது இங்குள்ள கொரியர்கள் கொண்டுவந்த உணவு. 1937-இல் ஸ்டாலின் ஆட்சி சோவியத் தூரகிழக்கிலிருந்து கொரியர்களை மொத்தமாகப் பெயர்த்து மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. அவர்கள் வழக்கமாக ஊறுகாய் போடும் சீன முட்டைக்கோஸ் கிடைக்காத இடத்தில் காரட்டில் போட்டார்கள். எனக்குச் சோற்றோடு அதுதான் பல நாள் தொடுகறி.

ஒன்று நினைவிருக்கட்டும்: இந்தி தெரிந்தவர்கள் ‘சப்ஸி’ என்று காய்கறி கேட்பார்கள். இங்கே சப்ஸி என்றால் காரட்.

பல்கலைக்கழகத்தைச் சுற்றி இந்திய மாணவர்களுக்கான உணவுக்கூடங்கள் இருக்கின்றன. பருப்பும் சோறும் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், வழி சொல்கிறேன்.

கொங்குநாடன் · செப்டம்பர் 7

இவ்வளவு யோசனை எதற்கு? சின்ன மின்சாரக் குக்கர் ஒன்று, இரண்டு கிலோ அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மோர்மிளகாய். பெற்றோரோடு நான் நான்கு நாடு இப்படித்தான் போய் வந்தேன். வயதானவர்களின் வயிற்றோடு விளையாடக் கூடாது. ஊரைப் பார்க்கத்தானே போகிறோம்.

பயணப்பை · செப்டம்பர் 7

மோர்மிளகாய் எடுத்துப்போவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐந்து நாளும் அறைக்குள் குக்கர் வைத்துச் சாப்பிட்டால், முப்பது வருடம் அந்த ஊரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர் அந்த ஊர்க்காரர்களோடு ஒரு மேசையிலும் உட்காராமல் திரும்பிவிடுவார். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. கட்டடங்கள் பழைய காலத்தோடு நின்றுவிட்டன. தேநீரும் ரொட்டியும் இன்றைக்கும் அவர்கள் வீட்டில் நடக்கிறவை.

கொங்குநாடன் · செப்டம்பர் 7

தம்பி, என் அப்பாவுக்கு வெளிநாட்டில் ஒரு முறை வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் படுத்துவிட்டார். அதிலிருந்துதான் இந்த வழக்கம். ரொட்டியையும் தேநீரையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்பதையாவது எழுதுங்கள்.

பயணப்பை · செப்டம்பர் 7

அதை நான் எழுதியிருக்க வேண்டும் அண்ணா. குழாய்த் தண்ணீர் வேண்டாம். கொதித்த தேநீரே பாதுகாப்பு.

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர் · செப்டம்பர் 8

ரொட்டியைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன்.

பழமும் ரொட்டியும் மட்டும் தின்று திரும்புவார் என்று அஞ்சுகிறீர்களே, சமர்கந்து ‘நோன்’ அப்படி அஞ்ச வேண்டிய ரொட்டி அல்ல. உள்ளங்கைகள் இரண்டையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம், தூக்கினால் கை கனக்கும். ஓரம் தடித்து, நடுவில் முள்ளச்சு குத்தி, மேலே எள் தூவி, மெருகு ஏற்றியது போல மின்னும். அந்த அச்சுக்குச் ‘செகிச்’ என்று பெயர். நடுப்பகுதி உப்பிவிடாமல் இருக்க அந்தத் துளைகள்.

அங்கே ஒரு கதை சொல்வார்கள். புகாரா அமீர் சமர்கந்து ரொட்டியில் மயங்கி, அந்த ஊர்ச் சிறந்த ரொட்டிக்காரனைத் தன் அரண்மனைக்கு அழைத்தாராம். சுட்ட ரொட்டியில் அந்தச் சுவை இல்லை. மாவு, தண்ணீர், அடுப்பு மண் என்று எல்லாவற்றையும் சமர்கந்திலிருந்தே வரவழைத்தும் வரவில்லை. ‘எல்லாம் வந்தது, சமர்கந்தின் காற்று வரவில்லை’ என்றானாம் அவன்.

ரொட்டியைக் கத்தியால் வெட்டாதீர்கள். கையால் பிய்க்க வேண்டும். மேசையில் மூத்தவர் பிய்த்து எல்லோருக்கும் முன்னால் வைப்பார். உங்கள் அம்மாவிடம்தான் கொடுப்பார்கள், அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கவிழ்த்து வைக்கக் கூடாது, தரையில் வைக்கவே கூடாது. பையன் பட்டாளத்துக்குப் புறப்பட்டால் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மீதியை வீட்டில் தொங்கவிட்டு, அவன் திரும்பி வரும்வரை பாதுகாப்பார்கள்.

தேநீரும் அப்படியே. பச்சைத் தேயிலையை ‘சோய்னக்’ என்ற பீங்கான் கூஜாவில் போட்டு, முதலில் மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றி மறுபடி கூஜாவிலேயே சேர்ப்பார்கள். பிறகு தரும் கிண்ணத்தில் பாதிக்குக் குறைவாகத்தான் இருக்கும். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அடிக்கடி ஊற்றிக் கொடுத்து உபசரிக்க வேண்டும் என்பதற்காக அப்படி. கிண்ணம் நிறைய ஊற்றினால் விருந்தாளி எழுந்திருக்கலாம் என்று பொருள்.

வைகைக்கரை · செப்டம்பர் 8

ஐயா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘ரொட்டிக்கும் சோற்றுக்கும் ஒரே மரியாதை’ என்றார். எல்லோருக்கும் நன்றி. குக்கர் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். மோர்மிளகாய் வரும்.

மாணவித் தங்கைக்கு ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டுமா?

ஸெரஃப்ஷான்_மாணவி · செப்டம்பர் 8

நாரத்தங்காய் ஊறுகாய், அண்ணா. முடிந்தால் மட்டும்.

வைகைக்கரை · அக்டோபர் 24

திரும்பி வந்து ஆறு நாளாகிறது. இனிப் போகிறவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் காலை சியாப் சந்தை. பீபி கானும் மசூதிக்கு ஒட்டியே இருக்கிறது. அம்மா மசூதியின் முன்னால் நெடுநேரம் நின்றார். 1398-இல் தில்லியைச் சூறையாடிவிட்டுத் திரும்பிய தைமூர் மறு வருடமே தொடங்கிய கட்டடம் அது. ‘தில்லிப் பணமும் தில்லியிலிருந்து வந்த யானைகளும் இதில் உழைத்திருக்கின்றன’ என்று சொல்லிவிட்டு அதன்பின் பேசவில்லை. சந்தைக்குள் நுழைந்ததும் முகம் மாறியது. மஞ்சள் கட்டிகளாக ஒரு பொருள் குவித்திருந்தது. கடைக்காரப் பெண் ஒரு துண்டை உடைத்து நீட்டினார், ‘நவ்வோத்’ என்றார். வாயில் போட்டதும் அம்மா, ‘கற்கண்டு!’ என்றார். அங்கே தேநீரில் போட்டுக் குடிக்கிறார்கள். மாதுளை, அத்தி, திராட்சை, நீண்ட முலாம்பழம் எல்லாம் உச்சத்தில் இருந்தன. நல்ல மாதம் பார்த்துத்தான் போயிருக்கிறோம்.

எனக்கு ஓஷ் இரண்டாம் நாள். பதினொன்றரைக்கே போய்விட்டோம். உள்ளே கொழுப்பு வாசனை அம்மாவுக்குத் தாங்கவில்லை, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊழியர் பார்த்துவிட்டு, கேட்காமலே எங்களை வெளியே மரத்தடியில் இருந்த ‘தப்சான்’ கட்டிலுக்கு மாற்றினார். நம் ஊர்த் திண்ணையை மரத்தில் செய்து நடுவில் ஒரு குட்டை மேசை போட்டது போல இருக்கும். அம்மா சம்மணமிட்டு வசதியாக உட்கார்ந்தார். அவருக்கு அச்சிச்சுக், தயிர், ரொட்டி. எனக்குப் பெஹி போட்ட ஓஷ். பயணப்பை சொன்னபடி பூண்டைப் பிதுக்கிக்கொண்டேன். அதைப் பற்றி இனி நான் எழுத என்ன இருக்கிறது, போய்ச் சாப்பிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் கேட்டதற்கு ஊழியர் தலையாட்டி மறுத்தார். ஓஷுக்குப்பின் சூடான பச்சைத் தேநீர்தான், இல்லாவிட்டால் கொழுப்பு உறைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சொல்ல வேண்டிய முக்கியமான சாப்பாடு உணவகத்தில் நடக்கவில்லை. நாங்கள் தங்கியது பழைய நகரத்தில் ஒரு குடும்பத்தின் விடுதி. இரண்டு நாளாக அம்மா காலையில் ரொட்டியும் தயிரும் மட்டும் எடுப்பதை வீட்டுக்காரப் பெண்மணி கவனித்திருக்கிறார். மாணவித் தங்கை அன்று மாலை எங்களைப் பார்க்க வந்தபோது, அவரைப் பிடித்துக்கொண்டு, இந்த அம்மா என்னதான் சாப்பிடுவார் என்று தாஜிக்கில் கேட்டார். தங்கை சொல்ல, அவர் உள்ளே போய் இரண்டு கிண்ணங்களோடு வந்தார். ஒன்றில் அரிசி. மற்றதில் பாசிப்பயறு!

மூன்றாம் நாள் மதியம் ‘மோஷ்கிச்சிரி’ சமைத்தார். மோஷ் என்றால் பாசிப்பயறு, கிச்சிரி நமக்குத் தெரிந்த கிச்சடிதான். வழக்கமாக இறைச்சி போட்டுச் செய்வார்களாம். அன்று எங்களுக்காகத் தனிப் பாத்திரத்தில், சமையலெண்ணெயில் வெங்காயமும் காரட்டும் சீரகமும் தாளித்து, முழுப்பயறும் அரிசியும் குழைய வேகவைத்தார். அம்மா சமையலறையில் பக்கத்திலேயே நின்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. சீரகத்தைக் காட்டி ‘ஸீரா’ என்றார் அவர், ‘சீரகம்’ என்றார் அம்மா. மிளகைக் காட்டி ‘முர்ச்’ என்றார், ‘மிளகு’ என்றார் அம்மா. இப்படி அரைமணி நேரம். கீழே இறக்கியதும் அம்மா கைப்பையிலிருந்து மோர்மிளகாயை எடுத்து வறுத்துக் கொடுத்தார். அந்தப் பெண்மணி ஒன்றைக் கடித்து, கண் கலங்கி, இன்னொன்றும் கேட்டார். கொங்கு அண்ணா, மோர்மிளகாய்க்காக உங்களுக்குத் தனி நன்றி.

புகாராவை ஒரே வரியில் முடித்துவிடலாம். லியாபி ஹௌஸ் குளக்கரையில் இரவுச் சாப்பாடு: 1620-இல் கட்டிய குளம், முசுக்கொட்டை மரங்கள், தண்ணீரில் விளக்கு வெளிச்சம் எல்லாம் அழகு, நாங்கள் சாப்பிட்ட இடத்தில் சாப்பாடு சுமார். தேநீர் குடிக்க மட்டும் அங்கே உட்காருங்கள்.

நடைமுறைக் குறிப்பு: சிறு கடைகளுக்குச் சில்லறைச் சோம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் நாங்கள் போன இடங்களில் 10 முதல் 15 சதவீதம்.

ஸெரஃப்ஷான்_மாணவி · அக்டோபர் 24

அம்மாவைப் பார்த்ததில் எங்கள் அறையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஊறுகாய் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. விடுதிக்கார அக்கா நேற்று சந்தையில் பார்த்து, அந்த மிளகாயை எப்படிச் செய்வது என்று கேட்டார். தயிரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பது என்று சொன்னேன். கத்திக்கில் முயன்று பார்க்கப் போகிறாராம்.

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர் · அக்டோபர் 25

ரொட்டி கொண்டுவந்தீர்களா?

வைகைக்கரை · அக்டோபர் 25

மூன்று கொண்டுவந்தோம் ஐயா. கடைசி ரொட்டியை இன்று காலை எடுத்தோம், வாங்கி ஒன்பதாவது நாள். கல்லாக இறுகியிருந்தது. விடுதியில் காட்டிக்கொடுத்தபடி தண்ணீர் தெளித்து, தோசைக்கல்லில் மூடிவைத்துச் சூடாக்கினோம். உள்ளே மென்மையாகிவிட்டது. அம்மாதான் பிய்த்தார்.

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர் · அக்டோபர் 25

எதனோடு சாப்பிட்டீர்கள்?

வைகைக்கரை · அக்டோபர் 25

பாசிப்பருப்புக் கடையலோடு.